ஒளிஞ்சு போகாதீங்க பாட்டி!

பேரப்பிள்ளைகளை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்பும் தாத்தா, பாட்டிகளின் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால் பேரன் பிறந்ததிலிருந்தே என்னிடம்தான் வளர்கிறான். மூன்றரை வயதில் இப்போது பள்ளியில் சேர்த்திருக்கிறோம். ஒரு வாரமாக வாசலிலேயே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறுகிறான். "அவன் பொம்மையைப் பார்க்கிற நேரமா நைசா நழுவிடுங்க" என்றார்கள், அப்படியே செய்கிறேன். ஆனால் இப்போது வீட்டில் நான் குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டி அழுகிறான்.

பதில்: கதவைத் தட்ட வைத்ததே அந்த நழுவல்தான். கொஞ்சம் அசந்தால் பாட்டி காணாமல் போய்விடுவாங்க என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. அதனால் அசருவதே இல்லை. வகுப்பிலும் பொம்மையைத் தொடத் தயங்குவான். போன தடவை பொம்மையைத் தொட்டபோதுதானே நீங்கள் மறைந்தீர்கள்? நாளையிலிருந்து அவன் கண்ணெதிரேயே சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். அழுவான். அழட்டும்.

விடைபெறுவது ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அவன் கண் உயரத்துக்குக் குனிந்து ஒரு அணைப்பு, ஒரு முத்தம், ஒரே ஒரு வாக்கியம், டாட்டா. அந்த வாக்கியத்தில் யார் கூட்டிப்போக வருவார், எது முடிந்ததும் வருவார் என்ற இரண்டும் இருக்கட்டும்: "விளையாடி, சாப்பிட்டு, பாட்டு பாடி முடிச்சதும் பாட்டி வந்து இதே கேட்டுல நிப்பேன்." "சீக்கிரம் வந்துடறேன்" என்றால் பத்தாவது நிமிடமே எதிர்பார்க்கத் தொடங்குவான். "பன்னிரண்டரைக்கு வரேன்" என்பதும் பயன்படாது, அந்த வயதில் மணி பார்த்துக் காத்திருக்கத் தெரியாது.

அடுத்தது, ஆசிரியையிடம் ஒப்படைக்கும் விதம். அவர் உங்கள் இடுப்பிலிருந்து குழந்தையைப் பிய்த்து வாங்கும் நிலைமை வரக் கூடாது. கேட்டுக்குப் பத்தடி முன்பே இறக்கி நடக்க விடுங்கள். கையில் டைரியையோ தண்ணீர் பாட்டிலையோ கொடுத்து, "இதை மிஸ்கிட்ட குடுத்துட்டு வா" என்று சொல்லாமல், "மிஸ்கிட்ட குடு" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். நீட்டிய கையை ஆசிரியை பிடித்துக்கொள்வார். இதை முதல் நாளே அவரிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம் திரும்பிப் போவதும் ஜன்னலில் எட்டிப் பார்ப்பதும் அறவே கூடாது. பத்து நிமிட அழுகைக்கு நீங்கள் ஒருமுறை திரும்பிப் போனால், மறுநாள் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் அழுவான். கண் கலங்கினால் தெருமுனை தாண்டித் துடைத்துக்கொள்ளுங்கள். இது பயப்பட வேண்டிய இடமா என்பதைக் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. பாட்டிகளுக்கு இது பிடிக்காது. இரண்டு வாரத்துக்கு அப்பாவோ தாத்தாவோ கொண்டுபோய் விடட்டும், நீங்கள் கூப்பிடப் போங்கள். யாரிடம் அதிகமாக ஒட்டியிருக்கிறதோ அவரை விட்டுப் பிரிவதுதான் குழந்தைக்குக் கஷ்டம். இப்படி மாற்றினால் பள்ளி என்பது பாட்டியைப் பிரியும் இடமாக இல்லாமல், பாட்டி வந்து சேரும் இடமாக ஆகிவிடும். கூப்பிடப் போகும்போது மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே அங்கே இருங்கள். மற்ற குழந்தைகள் எல்லாம் போய், தான் மட்டும் மிஞ்சி நிற்பதைத்தான் இந்த வயதுப் பிள்ளைகளால் தாங்க முடியாது. அப்படி ஒரு நாள் நடந்தாலே ஒரு வாரப் பழக்கம் வீணாகும்.

வீட்டிலும் பிரிவைப் பழக்குங்கள். "துணியைக் காயப்போட்டுட்டு வரேன்" என்று சொல்லி இரண்டு நிமிடம், அப்புறம் ஐந்து, அப்புறம் கால் மணி நேரம். சொன்ன வேலை முடிந்ததும் கண்டிப்பாகத் திரும்பி வர வேண்டும்.

ஆசிரியையிடம் தினமும் மூன்றே கேள்வி கேளுங்கள்: எவ்வளவு நேரம் அழுதான், சாப்பிட்டானா, யாரோடாவது விளையாடினானா? நீங்கள் கண்ணிலிருந்து மறைந்த சில நிமிடங்களில் பெரும்பாலான குழந்தைகள் அடங்கிவிடும். பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வாசல் அழுகையும் ஓயும். திங்கட்கிழமையும் நீண்ட விடுமுறைக்குப் பிறகும் தலைகாட்டும், அது கணக்கில் வராது. ஆறு வாரம் ஆகியும் அழுகை குறையவில்லை, அங்கே எதுவுமே சாப்பிடுவதில்லை, வீட்டில் கலகலவென்று பேசும் குழந்தை பள்ளியில் வாயே திறப்பதில்லை என்றால், பழகிவிடும் என்று காத்திருக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: "ஸ்கூல்ல இன்னிக்கு என்னம்மா பண்ணினே?" என்று ஆசையாகக் கேட்டால் பேத்தி "ஒண்ணுமில்ல" என்கிறாள். விடாமல் கேட்டால் பையைத் தூக்கி எறிகிறாள். வகுப்பில் சமர்த்தாக இருக்கிறாளாம். என்னிடம் மட்டும் ஏன் இப்படி?

பதில்: உங்களிடம்தான் அப்படி இருக்க முடியும் என்பதால். வரிசையில் நிற்பது, முறை வருவதற்குக் காத்திருப்பது, கேட்டதைக் கொடுக்காவிட்டாலும் அழாமல் இருப்பது என்று அரை நாள் முழுக்கத் தன்னை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறாள். நம்பிக்கையான முகத்தைப் பார்த்ததும் அது உடைகிறது. முதல் அரை மணி நேரம் கேள்வியே வேண்டாம். தண்ணீர், கழிவறை, ஏதாவது சாப்பிட, கொஞ்சம் மடி.

பிறகும் "என்ன பண்ணினே" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு நாளையே சுருக்கியாக வேண்டும், நான்கு வயதில் அது வராது. கையில் பிடிக்கிற மாதிரி கேளுங்கள்: "இன்னிக்கு உன் பக்கத்துல யாரு உட்கார்ந்தா?", "டப்பால முதல்ல எது காலியாச்சு?", "யாராவது அழுதாங்களா? மிஸ் என்ன சொன்னாங்க?" அதைவிட நல்லது, முதலில் உங்கள் கதையைச் சொல்வது. "தாத்தா இன்னிக்குக் கண்ணாடியைத் தொலைச்சுட்டு வீடு பூரா தேடினேன்" என்று ஆரம்பித்தால் அவள் தொலைத்ததும் தானாக வெளியே வரும். அவளை டீச்சராக்கி நீங்கள் மாணவராக உட்கார்ந்தால், வகுப்பில் யார் எந்தக் குரலில் எதைச் சொல்கிறார்கள் என்பது அப்படியே நடிப்பில் வந்துவிடும்.

"யாராவது அடிச்சாங்களா?" என்று தினமும் கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிந்தால் சின்னக் குழந்தை "ஆமா" என்று சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் பெயர் எதையும் எடுத்துக் கொடுக்காமல், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் வார்த்தையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஊட்டினால்தான் பேரன் சாப்பிடுவான். சட்டை, ஷூ எல்லாம் நானே போட்டுவிடுவேன். "செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீங்க" என்கிறாள் மருமகள். பாசமாகச் செய்வதைத் தப்பு என்றால் எப்படி?

பதில்: பாசத்தில் தப்பில்லை. ஆனால் டப்பா மூடி திறக்காததால் இருபது பிள்ளைகளுக்கு நடுவே ஒரு குழந்தை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால், அந்தப் பசி அவனுக்குத்தானே? மருமகள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

ஊட்டுவதை முழுக்க நிறுத்த வேண்டாம். இரவுச் சாப்பாட்டை உங்கள் கைக்கு வைத்துக்கொண்டு, பள்ளியில் சாப்பிடும் நேரத்துச் சாப்பாட்டை மட்டும் அவன் கையால், அதே டப்பாவில், தரையிலோ மேஜையிலோ பள்ளியில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து சாப்பிடட்டும். இருபது நிமிடத்தில் முடிக்கிற அளவே வையுங்கள். டப்பா வாங்கும்போது கடையிலேயே அவனைத் திறந்து மூடச் சொல்லுங்கள், ஈரக் கையாலும் ஒருமுறை. நான்கு பக்கமும் கிளிப் போட்ட டப்பா பெரும்பாலும் ஆசிரியையின் வேலையாகத்தான் முடியும். தண்ணீர் பாட்டிலும் அப்படியே.

உடையில் கொக்கி, ஜிப், பெல்ட் வேண்டாம். இடுப்பில் எலாஸ்டிக் இருந்தால் அவசரத்துக்குக் கீழே இறக்க முடியும். பள்ளியில் நனைத்துக்கொள்ளும் குழந்தைகளில் பலருக்குப் பிரச்சினை சிறுநீர்ப்பையில் இல்லை, பட்டனில் இருக்கிறது. கழிவறை போக வேண்டும் என்று அந்தப் பள்ளியில் எந்த வார்த்தையில் கேட்பார்கள் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்; வீட்டுச் செல்லச் சொல் ஆசிரியைக்குப் புரியாமல் போகலாம்.

கற்றுத்தரும் முறை இதுதான்: கடைசிப் படியை அவனுக்கு விடுங்கள். கால்சட்டையை இடுப்புக்குக் கீழே வரை நீங்கள் ஏற்றுங்கள், மிச்சத்தை அவன் இழுக்கட்டும். சில நாள் கழித்துத் தொடையிலிருந்து, பிறகு முட்டியிலிருந்து, பிறகு கணுக்காலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் முடித்தவன் அவனாகவே இருப்பதால் சலிக்காது. ஷூவுக்கு ஒட்டும் பட்டை போதும், லேஸ் இன்னும் சில வருடம் கழித்து. ஒரு ஸ்டிக்கரை இரண்டாக வெட்டி இரண்டு ஷூவின் உள்ளேயும் ஒட்டினால், படம் சேருகிற மாதிரி வைத்துப் போட்டுக்கொள்வான், இடம் வலம் மாறாது. நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் அளவு சரி.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். மூன்றரை வயதுப் பேத்திக்குத் தினமும் ஒரு மணி நேரம் எழுத்து எழுதப் பழக்குகிறேன். பத்து நிமிடத்தில் அழுகிறாள்.

பதில்: பத்து நிமிடம்தான் அவள் அளவு, ஐயா. அதோடு நிறுத்திவிடுங்கள்.

வட்டத்தைப் பார்த்துப் போடுவது மூன்று வயதுவாக்கில் வரும், கூட்டல் குறி நான்கில், சதுரம் நாலரை ஐந்தில், முக்கோணம் ஐந்தை ஒட்டி. இவை வராமல் எழுத்து வராது, வந்தாலும் விரல் வலிக்கும். இப்போதைக்கு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு உடைத்த கிரேயான் துண்டுகளைக் கொடுங்கள். முழு கிரேயானை முஷ்டியால் பிடிக்கிற குழந்தை, துண்டை வேறு வழியில்லாமல் மூன்று விரலால் பிடிக்கும். தாளைச் சுவரில் அவள் கண் உயரத்தில் ஒட்டுங்கள், மணிக்கட்டு சரியான கோணத்துக்குத் தானாகவே வரும். எழுத்து தொடங்கும் காலம் வந்ததும் ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளிலிருந்து தொடங்குங்கள். அகர வரிசைப்படி அ, ஆவில் தொடங்கினால் முதல் நாளே சுழியில் மாட்டிக்கொள்வாள். திருப்பிப்போட்டு எழுதினால் திட்டாதீர்கள், ஏழு வயது வரை அது சகஜம். மீதி ஐம்பது நிமிடத்தில் கால் மணி நேரம் கதைப் புத்தகம் படித்துக் காட்டுங்கள், வரியின் கீழே விரலை ஓட்டியபடி. ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்டாலும் படியுங்கள்.

கேள்வி: திங்கட்கிழமை காலையானால் பேரனுக்கு வயிற்றுவலி. பாவமாக இருப்பதால் வீட்டில் வைத்துக்கொள்கிறேன். பத்து மணிக்கெல்லாம் வலி போய்விடுகிறது. நடிக்கிறானா?

பதில்: பெரும்பாலும் நடிப்பில்லை. பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும். ஆனால் முதலில் மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக் கழிவறைக்குக் கூச்சப்பட்டு அடக்கி வைக்கும் குழந்தைகள் நிறைய. காலைச் சாப்பாடு முடிந்து கால் மணி நேரத்துக்குள், பாதம் நன்றாக ஊன்றும்படி ஐந்து பத்து நிமிடம் உட்கார வையுங்கள், அவசரப்படுத்தாமல். அதற்காக அரை மணி நேரம் முன்னால் எழுப்ப வேண்டியிருந்தால், இரவு அரை மணி நேரம் முன்னால் தூங்க வையுங்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை.

தொப்புளைச் சுற்றிக் காட்டிவிட்டு விளையாடப் போய்விட்டால் அனுப்பிவைக்கலாம். தொப்புளைவிட்டுத் தள்ளி ஒரு பக்கமாக வலிப்பது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காய்ச்சல், வாந்தி, மலத்தில் ரத்தம், எடை குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். அப்படி எதுவும் இல்லாமல் வீட்டில் வைத்துக்கொண்டால், அந்த நாள் சப்பென்று இருக்க வேண்டும்: படுக்கை, சாதாரணச் சாப்பாடு, டிவியும் செல்போனும் கிடையாது. பாட்டியின் கதையும் தின்பண்டமும் மடியும் கிடைக்கும் திங்கட்கிழமையோடு எந்தப் பள்ளியாலும் போட்டி போட முடியாது.

கேள்வி: பள்ளிக்குப் போனதிலிருந்து மாறி மாறிச் சளி. எனக்கும் தொற்றிக்கொள்கிறது.

பதில்: இந்த வயதில் வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு, முதல் வருடம் அதைவிடக் கூடவும் வரலாம். வீட்டுக்குள் வந்ததும் சோப்பு போட்டு 20 நொடி கை கழுவுவது, உடை மாற்றுவது, அதற்கப்புறம்தான் முத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ போனால், மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராத பிறகு அனுப்புங்கள். உங்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இதோடு ஒன்று. உங்கள் மாத்திரைகள் எங்கே இருக்கின்றன? பாட்டியின் கைப்பையில் மிட்டாய் தேடிப் பழகிய கை மாத்திரையையும் எடுக்கும். கிழமை எழுதிய மாத்திரை டப்பாவைக் குழந்தையால் சுலபமாகத் திறக்க முடியும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளில் சில ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் சின்னக் குழந்தைக்கு ஆபத்து. உயரத்தில், பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், மாத்திரை அட்டையோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: நாங்கள் தூரத்தில் இருக்கிறோம். வீடியோ காலில் பேத்தி ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை.

பதில்: பள்ளி முடிந்து வந்த உடனே கூப்பிடாதீர்கள், சாப்பிட்டு முடித்த பிறகு, தினமும் ஒரே நேரத்தில். ஐந்து நிமிடம் போதும். பேச வைப்பதைவிட எதையாவது காட்டச் சொல்லுங்கள்: வரைந்த படம், புது ஷூ, விழுந்த காயம். "உன்னைப் பார்க்காம தாத்தாவுக்கு அழுகையா வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதற்கு அவளால் என்ன செய்ய முடியும்? மாதம் ஒரு கடிதம், இரண்டு வரியும் ஒரு கோணல் படமும் போட்டு அவள் பெயருக்கு அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: பேரனின் பையை நானே தூக்கிக்கொண்டு போகிறேன். சரியா? எனக்கு முட்டிவலி வேறு.

பதில்: முதலில் பையை எடை போடுங்கள். குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 15 கிலோ குழந்தைக்கு ஒன்றரை கிலோ. அதற்குள் இருந்தால் இரண்டு தோளிலும் மாட்டி அவனே தூக்கட்டும். கூடுதலாக இருந்தால் உள்ளே பாருங்கள்: முழுக்க நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலே ஒரு கிலோவுக்கு மேல். சாலையைக் கடக்கும்போது விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள், விரலை உருவிக்கொண்டு ஓட அரை நொடி போதும். முட்டிவலியோடு நின்றபடி அவனைத் தூக்க வேண்டாம். பள்ளி வாசலுக்குப் பக்கத்தில் திண்ணையோ பெஞ்சோ இருந்தால் அங்கே உட்கார்ந்துகொள்ளுங்கள், அவனே ஓடி வந்து ஏறிக்கொள்வான்.