ஸ்கேனில் ஒன்றுமில்லை, சந்தேகம் தீரவில்லை: ரூட்கிட்டைத் தேடும் முறை

கேள்வி: ஹட்டனில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். விண்டோஸை 'ஆக்டிவேட்' செய்தே தந்தார்கள். விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அடிக்கடி தானாக நின்றுவிடுகிறது. ஸ்கேனில் எதுவும் சிக்கவில்லை. ரூட்கிட்டை (தன்னை மறைத்துக்கொள்ளும் தீய மென்பொருளை) தேடும் ஜிமெர் கருவியோ, கர்னலில் (விண்டோஸின் மையப் பகுதியில்) ஹுக் (அழைப்புகளை இடைமறிக்கும் கொக்கி) பல இருப்பதாகக் காட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: அந்த ஹுக் பட்டியலை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒழுங்கான வைரஸ் தடுப்பு மென்பொருளும் ஹுக் போடுவதுண்டு. 64 பிட் விண்டோஸில் கர்னலின் முக்கிய அட்டவணைகளை மாற்றினால் விண்டோஸின் காவல் அம்சமான 'பேட்ச்கார்ட்' கண்டுபிடித்து, 109 என்ற குறியீட்டுடன் நீலத்திரை போட்டு நிறுத்திவிடும். (பழுதான ரேமும் இதே குறியீட்டைத் தரலாம்.) டிஜிட்டல் கையொப்பமில்லாத டிரைவர்களையும் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) அது ஏற்பதில்லை. அதனால் இப்போதைய ரூட்கிட்கள் பல, முறையான கையொப்பமும் உள்ளே ஓட்டையும் உள்ள ஏதோவொரு டிரைவர் வழியாகவே நுழைகின்றன.

டிஃபெண்டர் நிற்பதற்கு ஆக்டிவேட்டரே (உரிமம் வாங்காமல் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் மென்பொருளே) காரணமாக இருக்கலாம். தான் பிடிபடாமலிருக்க அதை அணைத்துவிடும். டிஃபெண்டர் ஸ்கேன் செய்யாமல் விடும் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலில் நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் இருந்தால் நீக்குங்கள். திரையின் வலது கீழ் மூலையில் 'டெஸ்ட் மோட்' என்றிருந்தால் கையொப்பச் சோதனை தளர்த்தப்பட்டிருக்கிறது. அது கெட்ட அறிகுறி.

ஃபைல் பட்டியலைக் கேட்டால் பதில் கர்னல் வழியாகத்தான் வரும். ரூட்கிட் அங்கே உட்கார்ந்து தன் பெயரை அழித்துவிட்டுத் தரும். ஆகவே விண்டோஸ் ஓடாத நேரத்தில் தேட வேண்டும். டிஃபெண்டரை அப்டேட் செய்து, 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடம் ஓடும். சார்ஜரைக் கழற்றாதீர்கள். பழைய பேட்டரியை நம்பி, கரண்ட் போய்வரும் மழை நாளில் இதைத் தொடங்க வேண்டாம். டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் மீட்புக் குறியீட்டைக் குறித்து வையுங்கள். முடிவு 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி'யில் வரும்.

அடுத்தது ஒப்பிட்டுப் பார்ப்பது. இதை அவசரப்படாமல் செய்யுங்கள். 'சிஸ்டம்32'க்குள் உள்ள 'டிரைவர்ஸ்' ஃபோல்டரில் மறைந்த ஃபைல்களையும் காட்டச் சொல்லி, பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட்டவுன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிஸ்க்கைப் பாதி பூட்டிய நிலையில் வைத்திருக்கும். வேறொரு சுத்தமான கணினியில் தயாரித்த லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து அதே ஃபோல்டரைத் திறவுங்கள். விண்டோஸுக்குள் தெரியாத பெயர் லினக்ஸில் தெரிந்தால் ஏதோ ஒளிந்திருக்கிறது. 2005இல் சோனி பிஎம்ஜி இசைத்தட்டுகளின் ரூட்கிட் வெளிப்பட்டதும் இத்தகைய ஒப்பீட்டில்தான்.

ஏதாவது கிடைத்தால் சுத்தம் செய்ய முயலாதீர்கள். ரூட்கிட் கர்னலைத் தொட்ட கணினியில் எது மிச்சமிருக்கிறது என்று உறுதிசெய்ய முடியாது. 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்குங்கள். பல ஜிபி ஆகும், இரவு டேட்டா கைகொடுக்கும். இன்ஸ்டால் செய்யும்போது எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழியுங்கள். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஆக்டிவேட்டர் வேண்டவே வேண்டாம். பிறகு 'செக்யூர் பூட்' (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் செய்ய விடுவது), 'மெமரி இன்டெக்ரிட்டி' (கர்னலைக் காப்பது) இரண்டையும் ஆன் செய்யுங்கள். இரண்டாவது மறுத்தால், பொருந்தாத டிரைவரின் பெயரை அதுவே காட்டும். பெரும்பாலும் பழைய பிரிண்டருடையதோ டோங்கிளுடையதோ.

வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை இன்றே மாற்றுங்கள். அந்த லேப்டாப்பில் அல்ல, ஃபோனில்.