தொட்டியில் புழு அதிகமானால் வளர்ச்சி குறையுமா?

நெல்லிக்குப்பத்தில் மண்புழு உரம் போடுபவர் கேட்டிருக்கிறார்: தொட்டி நிறையப் புழு இருக்கிறது, ஆனால் எல்லாம் நூல் மாதிரி மெலிந்து கிடக்கிறது, ஏன்?

நெருக்கடிதான் காரணமாக இருக்கும். பண்ருட்டியில் எங்கள் வீட்டில் ஒரே வயதுக் குஞ்சுகளை ஒரு வாளியில் 20, இன்னொன்றில் 150 விட்டேன். இரண்டிலும் ஒரே அளவு மக்கிய சாணமும் பலா இலையும்தான். இரண்டு மாதத்தில் 20 இருந்த வாளியில் எல்லாப் புழுவுக்கும் தலைப்பக்கம் தடித்த வளையம் வந்துவிட்டது. அதுதான் பருவமடைந்த அடையாளம். மற்றதில் பாதிக்கு மேல் வளையமே இல்லை. முட்டைக்கூடுகளையும் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

தீனிப் பங்கு குறைவது ஒரு காரணம். பலர் கவனிக்காதது இன்னொன்று: கூட்டம் அதிகமானால் தீனி சீக்கிரம் எச்சமாகிவிடும். சத்துப் போன எச்சத்தையே திரும்பத் தின்னும் புழு எடை போடாது. மேலே தேயிலைத்தூள் போலக் குறுணை தெரிந்தால் தள்ளிப்போடாமல் அள்ளிவிடுங்கள்.

உரம் மட்டும் போதும் என்றால் கொஞ்சம் நெருக்கம் நல்லதுதான், வேலை வேகமாக நடக்கும். சதுர மீட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோ புழு வைக்கலாம். புழுவாக விற்க வேண்டுமானால் அதைவிடக் குறைவாக விடுங்கள்.

இப்போதைக்குப் பாதிப் புழுவை மக்கிய சாணம் போட்ட வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மெலிந்த புழு தேறிவிடும், அப்புறம் வளையமும் வரும்.