நனையும் துணிகளை எண்ணுங்கள்

ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர் பதில் அளிக்கிறார்

கேள்வி: எனக்குப் பெண் குழந்தை பிறந்து 12 நாட்கள் ஆகின்றன. பிறந்தபோது எடை 2.9 கிலோ. நான்காம் நாள் 2.7 ஆகக் குறைந்து, நேற்று மீண்டும் 2.9 வந்திருக்கிறது. மாலையானால் விடாமல் அழுகிறாள். பால் குடித்த அரை மணி நேரத்தில் மறுபடியும் வாயைத் திறக்கிறாள். எனக்கு மார்பு முன்போல் கனக்கவும் இல்லை. பால் பற்றவில்லை, பவுடர் பால் வாங்கலாம் என்கிறார் மாமியார். வாங்கட்டுமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: வாங்க வேண்டாம், மகளே. பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டால் போதும். உன் மகள் 12 நாளிலேயே திரும்பிவிட்டாள். பால் இல்லாமலா எட்டு நாளில் 200 கிராம் ஏறும்?

எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறாள் என்று நீ எழுதவில்லை. எனக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான். டயப்பரைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துக் கட்டு. ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து ஆறு துணிக்குக் குறையாமல் நனைந்து, சிறுநீரும் வெளுத்த நிறத்தில் இருந்தால் பால் போதுமான அளவு இறங்குகிறது. அந்தக் கணக்கை மாமியாரிடமும் காட்டு. பேத்தி பசியோடு இருக்கிறாளோ என்ற தவிப்பில்தான் அவர் சொல்கிறார்.

முதல் வாரத்தில் இருந்த கனம் குறைவது, பால் வற்றியதற்கு அடையாளம் அல்ல. குழந்தையின் தேவைக்கு ஏற்ப உடல் பழகிக்கொள்கிறது. மாலையில் அடிக்கடி கேட்பதும் இந்த வயதுக் குழந்தைகளின் வழக்கம்தான். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிக்கும். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். இப்போது புட்டியை நுழைத்தால் அந்த வேளைக்கான பால் ஊறாமல் போகும். நாளடைவில் உண்மையாகவே பற்றாமல் போய்விடக்கூடும். இரவில் பால் கொடுப்பதை மட்டும் விட்டுவிடாதே. பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோன் அப்போதுதான் அதிகமாக இருக்கும்.

அவள் வாய் வைக்கும் விதத்தையும் கவனி. காம்பை மட்டும் கவ்வினால் உனக்கு வலிக்கும், அவளுக்குப் பால் வராது. வாயை நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து, அவளை உன் பக்கம் அணைத்துக்கொள். முகவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளிப்புறமாக மடிந்திருக்க வேண்டும். அமைதியான அறையில் விழுங்கும் சத்தம்கூடக் கேட்கும். பாலூட்டும் பெண்களைப் பார்த்த என் அனுபவத்தில், 'பால் இல்லை' என்று அழுதவர்களில் பெரும்பாலானோருக்கு, குழந்தையைப் பிடிக்கும் விதத்தை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

ஆனால் குழந்தை எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு கிடந்தால், சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளானால், உள்ளங்கை, பாதம் வரை மஞ்சள் படர்ந்தால், உடல் சுட்டாலோ சில்லிட்டாலோ, மூச்சு வேகமாக வாங்கினால் விடியட்டும் என்று இருக்காதே. 108-ஐ அழை.

கேள்வி: பேரன் பிறந்து ஒரு மாதம் ஆகிறது. வெயில் கொளுத்துகிறது. ஒரு சங்கு வெந்நீர் புகட்டலாமா? தேன் தொட்டு வைக்கவும், வசம்பு உரைத்துக் கொடுக்கவும் மருமகள் சம்மதிக்கவில்லை.
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: உங்கள் மருமகள் சொல்வது சரி, அம்மா. தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு தண்ணீர்தான். எந்த வெயிலுக்கும் அது போதும்; ஆறு மாதம்வரை வேறு தண்ணீர் தேவையில்லை. சின்ன வயிற்றை வெந்நீர் நிரப்பினால் அந்த அளவுக்குப் பால் குறைந்துபோகும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கவைக்கும் நோயைத் தரும். ஒரு வயதுவரை நாவில் தொட்டுவைக்கவும் கூடாது. வசம்பும் வேண்டாம்.

குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரக்கூடும். குளித்ததும் நன்றாகத் துடைத்து, தாயின் மார்போடு சேர்த்துப் படுக்கவையுங்கள். மருமகளுக்குப் பசிக்கும்போதெல்லாம் சூடாகச் சோறும் பருப்பும் கீரையும், குடிக்கத் தண்ணீரும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பேரனுக்கு நீங்கள் கொடுக்க விரும்பும் தெம்பு அந்த வழியாகவே அவனுக்குப் போய்ச் சேரும்.