ரெட் சிடார் பழுப்பாகிறது: வெட்டணுமா, தண்ணீர் விடணுமா?

கேள்வி: வான்கூவரில் வாங்கிய வீட்டின் பின்புறம் உயரமான வெஸ்டர்ன் ரெட் சிடார் ஒன்று நிற்கிறது. செப்டம்பரில் கிளையெல்லாம் திட்டுத் திட்டாய்ப் பழுப்பாகிவிட்டது. மரம் பட்டுப்போகிறதா? வெட்டிவிடலாமா?

பதில்: ஒரு கிளையைப் பிடித்துப் பாருங்கள். பழுப்பு உட்பக்கத்தில், தண்டை ஒட்டி மட்டும் இருந்து நுனி பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம். பெயரில்தான் சிடார், சைப்ரஸ் குடும்பத்து மரம் இது. என்றும் பசுமை என்றாலும் இலைக்கு ஆயுள் உண்டு. சில வருடங்கள் இருந்த செதிலிலைகள் இந்தப் பருவத்தில் பழுத்து, சிறு கொத்தாகவே கழன்று விழும்.

நுனியில் பழுப்பு என்றால், அது காயா என்று பாருங்கள். ஒரு செ.மீ. நீளக் காய்கள் குலைகுலையாய்க் காய்த்தால், தூரத்திலிருந்து மரமே கருகியதுபோல் தெரியும்.

உச்சி காய்ந்து, கிளைகளுக்கு நடுவே வானம் தெரிந்தால்தான் சிக்கல். காரணம் பெரும்பாலும் தாகம். கடலோர மழைக்காட்டு மரமான இதற்கு வேர் மேலாகவே ஓடும். கோடையில் முதலில் காய்வதும் அந்த மேல்மண்தான். வறட்சியின் பாதிப்பு ஓரிரு வருடம் கழித்தும் தெரியும். ஆகவே போன கோடையையும் கணக்கில் எடுங்கள்.

ஜூன் முதல் மழை திரும்பும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கசிவுக் குழாயை (நெடுகிலும் நீர் கசியும் தோட்டக் குழாய்) கிளை விரிப்பின் ஓரத்தை ஒட்டி வளையமாகப் போட்டு மண்ணை மெதுவாக நனையுங்கள். தண்டின் அடியில் ஊற்றிப் பயனில்லை. தண்டின் குறுக்களவில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் சுமார் 38 லிட்டர், 50 செ.மீ. தண்டுக்கு 760 லிட்டர். மலைப்பாக இருக்கும், ஆனால் புல்வெளித் தெளிப்பான் பத்து நிமிடம் ஓடினால் புல்தான் குடிக்கும். மறுநாள் நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்துங்கள், 20 செ.மீ. ஆழம் சுலபமாக இறங்க வேண்டும். கோடைகாலத் தண்ணீர்க் கட்டுப்பாட்டு விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரச்சீவலை 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள், தண்டைத் தொடக் கூடாது. உரம் வேண்டாம். வேர்மேல் மண் கொட்டி உயர்த்துவதும் கல் பாவுவதும் நல்ல மரத்தையும் சாகடிக்கும்.

உச்சி மட்டும் பட்டுப்போன சிடார் பல்லாண்டு நிற்கும். அதன் வைரக்கட்டை எளிதில் உளுக்காது. தண்டு சாய்ந்தாலோ அடிமண் பிளந்தாலோ மர நிபுணரை அழையுங்கள். வான்கூவர் நகருக்குள் 1.4 மீட்டர் உயரத்தில் குறுக்களவு 20 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால், சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது.