அமெரிக்க மாநிலங்களில் 'அரசு சிறிதாக இருக்க வேண்டும்' என்று சொல்லும் ஆய்வு மையங்கள் உண்மையில் என்னதான் செய்கின்றன? அவற்றை நம்பலாமா?

நான் மிச்சிகனில் குடியிருக்கிறேன். அதனால் இங்குள்ள மேக்கினா மையத்தை வைத்தே சொல்கிறேன். அரிசோனாவில் கோல்ட்வாட்டர் இன்ஸ்டிடியூட், டெக்சாஸில் டெக்சாஸ் பப்ளிக் பாலிசி ஃபவுண்டேஷன் என்று பெரும்பாலான மாநிலங்களில் இப்படி ஒன்றாவது இருக்கும்.

மேக்கினா 1987-ல் தொடங்கப்பட்டது. டவ் கெமிக்கல் கம்பெனியின் ஊரான மிட்லண்டில் இயங்குகிறது. வரிவிலக்கு பெற்ற அமைப்பு என்பதால் எந்த வேட்பாளருக்கும் ஓட்டுக் கேட்கச் சட்டம் அனுமதிக்காது. வரி, பள்ளிக்கூடம், தொழிற்சங்கம், மானியம் பற்றி அறிக்கை எழுதுவார்கள், வழக்குப் போடுவார்கள். தலைநகர் லான்சிங்கில் வரும் மசோதாக்களை எளிய மொழியில் சுருக்கி, எந்த உறுப்பினர் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதோடு சேர்த்து ஒரு தளத்தில் போடுகிறார்கள். அரசியலில் என்ன கருத்து உள்ளவருக்கும் அது பயன்படும். நானும் அடிக்கடி பார்ப்பேன்.

'ஓவர்ட்டன் ஜன்னல்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஜோசப் ஓவர்ட்டன் இங்கேதான் துணைத் தலைவராக இருந்தார். அதற்கு முன் டவ் கம்பெனியில் எஞ்சினியர். நன்கொடையாளர்களிடம் காட்டுவதற்காக நகரும் அட்டை வைத்த ஒரு கையேடு செய்தார். பள்ளிக் கொள்கை போன்ற ஒரு விஷயத்தில், முழு அரசுக் கட்டுப்பாடு ஒரு முனையில், அரசே தலையிடாத நிலை மறுமுனையில். நடுவில் ஜன்னல் போல ஒரு சிறு பகுதியை மட்டும்தான் அரசியல்வாதியால் பதவிக்கு ஆபத்தில்லாமல் ஆதரிக்க முடியும். அந்தப் பகுதி நகர வேண்டுமானால் முதலில் மக்களின் எண்ணம் மாற வேண்டும், அதுதான் எங்கள் வேலை என்றார். 2003-ல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டாவிட்டாலும் வேலையில் இருக்கலாம் என்ற சட்டம் வேண்டும் என்று மேக்கினா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. கார் தொழிலாளர் சங்கம் 1936-37-ல் ஃபிளின்ட் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடி வளர்ந்த மாநிலம் இது. இங்கே அதெல்லாம் நடக்குமா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2012 டிசம்பரில் சட்டமாகிவிட்டது. ஆட்சி மாறியதும் 2023-ல் ரத்து செய்தார்கள்.

சரி, நம்பலாமா? மானிய விஷயத்தில் எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. 2008-ல் மாநிலம் சினிமாக் கம்பெனிகளுக்கு ஒரு சலுகை கொடுத்தது. இங்கே செலவழிக்கும் ஒவ்வொரு 100 டாலருக்கும் 42 டாலர் வரை திரும்பக் கிடைக்கும். வரி பாக்கி அவ்வளவு இல்லாவிட்டாலும் மிச்சம் காசாகவே வரும். ஆலைகள் மூடிக்கொண்டிருந்த நேரம், இரண்டு கட்சியிலும் கைதட்டல். மேக்கினா கூடாது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஆலன் பார்க் என்ற சிறு நகரம் ஸ்டூடியோ வரப்போகிறது என்று கடன் பத்திரம் வெளியிட்டு நிலம் வாங்கியது. ஸ்டூடியோ வரவில்லை, நகரம் கடனில் மூழ்கியது. முதலீட்டாளர்களைத் தவறாக நம்பவைத்ததாக அந்த நகரத்தின் மீது 2014-ல் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையமே நடவடிக்கை எடுத்தது. அடுத்த வருடம் சலுகையை நிறுத்தச் சட்டம் வந்தது. கார் கம்பெனிகளுக்குத் தரும் மானியத்தையும் மேக்கினா இதே போலத்தான் எதிர்க்கிறது. பணக்காரர்களின் கைக்கூலி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க என்னால் முடியாதது இதனால்தான்.

ஆனால் அவசர மேலாளர் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. கடனில் விழுந்த நகரத்துக்கு மாநிலமே ஒரு மேலாளரை அனுப்பும். மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் நகர மன்றமும் ஓரமாக உட்கார வேண்டியதுதான். அந்த மேலாளருக்கு இன்னும் அதிகாரம் வேண்டும் என்று மேக்கினா தரப்பிலிருந்தும் எழுதினார்கள். 2011-ல் அப்படி ஒரு சட்டம் வந்தது, 2012 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள், அடுத்த மாதமே வேறு எண்ணில் ஏறக்குறைய அதே சட்டம். 2014 ஏப்ரலில் ஃபிளின்ட் நகரம் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது இப்படிப்பட்ட மேலாளரின் கீழ்தான். குழாயில் ஈயம் கலந்து வந்தது. தண்ணீர் நாறுகிறது என்று ஜனங்கள் கத்தினார்கள். ஆனால் ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்ப அங்கே யாரும் இல்லை. ஃபிளின்டுக்கு மேக்கினாதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அரசின் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும் என்பவர்கள் முதல் ஆளாக எதிர்த்திருக்க வேண்டிய அதிகாரம் அது.

இன்னொன்று, நன்கொடையாளர் பட்டியலை அவர்கள் வெளியிடுவதில்லை. சட்டப்படி அவசியமும் இல்லை. ஆனால் அரசிடம் வெளிப்படைத்தன்மை கேட்டு வழக்குப் போடும் அமைப்பிடம் நான் அதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்கிறேன்.

ஒரு மசோதாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மேக்கினா அறிக்கையைப் படியுங்கள், கூடவே எதிர்ப்பக்கம் நிற்கும் மிச்சிகன் லீக் ஃபார் பப்ளிக் பாலிசி சொல்வதையும் படியுங்கள். இரண்டும் ஒரே கணக்கை வேறு மாதிரி காட்டினால், 1916 முதல் எந்தக் கட்சியும் சாராமல் மாநிலக் கணக்குகளை ஆராயும் சிட்டிசன்ஸ் ரிசர்ச் கவுன்சில் அதைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.