இளம் வயது மகளுக்கு இல்லம் தேடும்போது

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. டவுன் சிண்ட்ரோமும் மிதமான அறிவுசார் குறைபாடும் உண்டு. 18 வயதில் சிறப்புப் பள்ளியை விட்ட பிறகு வீட்டில்தான் இருக்கிறாள். எனக்கு 67 வயதாகிறது. மனைவிக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. அண்மையில், இவளைப் போன்றவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் ஓர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். மிகச் சுத்தமாகவும் அமைதியாகவும் இருந்தது. 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை கேட்கிறார்கள். சேர்க்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: நீங்கள் இருவரும் நடமாட்டத்தோடு இருக்கும்போதே இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது நல்லது. பெற்றோர் இறந்த வாரத்தில் அவசரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கப்படுகிறவர்களுக்குத் தாயும் வீடும் பழகிய படுக்கையும் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் 'அமைதி'. இருபதுகளில் இருக்கும் பலர் ஒன்றாக வாழும் இடம் மாலை நேரத்தில் அமைதியாக இருந்தால் அதற்குக் காரணம் கேட்க வேண்டும். செய்வதற்கு எதுவும் இல்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருக்கலாம். அல்லது மனநோய் ஏதும் இல்லாதவர்களுக்கும் அடங்கியிருப்பதற்காகவே மனநோய் மருந்துகள் கொடுக்கப்பட்டிருக்கலாம். எத்தனை பேர் அத்தகைய மருந்து எடுத்துக்கொள்கிறார்கள், அதை எழுதிக் கொடுத்த மருத்துவர் கடைசியாக எப்போது அவர்களைப் பரிசோதித்தார் என்று நிர்வாகியிடம் நேரடியாகக் கேளுங்கள். நல்ல இல்லம் பதிவேட்டைப் பார்த்துப் பதில் சொல்லும்.

அடுத்த முறை சொல்லாமல் போங்கள், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்கு. அங்கிருப்பவர்கள் அன்று உடுத்தியதைத் தாமே தேர்ந்தெடுத்தார்களா, ஒவ்வொருவருக்கும் தனி அலமாரி உண்டா, கடைக்கோ கோயிலுக்கோ வாசலைத் தாண்டிப் போவது உண்டா, காகிதப் பை ஒட்டுவது போன்ற வேலை செய்தால் அதற்குரிய பணம் அவர்கள் கைக்கு வருகிறதா என்பவற்றைக் கவனியுங்கள். உங்கள் மகள் எட்டு ஆண்டுகளாக வேலையோ பயிற்சியோ இல்லாமல் இருக்கிறாள். பாதுகாப்பைவிட அவளுக்கு இப்போது அதிகம் தேவைப்படுவது, செய்வதற்கு ஏதாவது இருக்கும் ஒரு முழு நாள். உடனிருப்பவர்கள் எல்லோரும் முதியவர்களாக இருந்தால் அந்த இல்லம் அவளுக்குப் பொருந்தாது.

பகலில் பணியாளர்கள் நிறையத் தெரிவார்கள். இரவு பத்து மணிக்குப் பெண்கள் பகுதியில் எத்தனை பேருக்கு எத்தனை பெண் உதவியாளர்கள் விழித்திருக்கிறார்கள் என்பதையும், அவர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், அவள் வலியை எப்படிக் காட்டுகிறாள் என்பது யாருக்கும் தெரியாமல் போகும். மலச்சிக்கல் போன்ற சாதாரணத் தொல்லைகூட இவர்களிடம் கோபமாகவோ சாப்பிட மறுப்பதாகவோதான் வெளிப்படும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு, காது, கண் பரிசோதனைகள் முறையாக நடக்க வேண்டும்; நாற்பதுகளிலேயே மறதி நோய் தொடங்கவும் கூடும்.

கருப்பையை அகற்றினால்தான் சேர்ப்போம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், மாற்றுத்திறனாளியின் சுதந்திரமான ஒப்புதல் இல்லாமல் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் எந்தச் சிகிச்சையையும் தடை செய்கிறது.

அதே சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி இத்தகைய இல்லம் பதிவுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதை நேரில் பார்த்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மனநலக் காப்பகத்துக்கான உரிமத்தைக் காட்டினால் அது போதாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அறிவுசார் குறைபாட்டை மனநோயாகக் கொள்வதில்லை. 2023இல் விழுப்புரம் மாவட்டத்தில் முறையான பதிவின்றி நடந்த ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

வைப்புத்தொகை கேட்பது தவறில்லை. ஆனால் அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டால் எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பணம் முடங்கிவிட்டதே என்று குறைகளைப் பொறுத்துக்கொள்ளும் பெற்றோர் உண்டு. வீட்டை இல்லத்தின் பெயருக்கு எழுதிவைக்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து, அவளையும் அவள் சொத்தையும் கவனித்துக்கொள்ளும் சட்டப்பூர்வப் பாதுகாவலருக்கான சான்று பெறலாம். உங்களுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு நம்பகமான உறவினரிடம் இருக்கட்டும். அவளைப் பராமரிப்பவரே பாதுகாவலராகவும் இருந்தால் பராமரிப்பில் குறை கேட்க ஆளிருக்காது. பாதுகாவலர் அலட்சியமாக நடந்தால் அவரை நீக்கக் கோரவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு.

முதலில் மூன்று நாள், பிறகு இரண்டு வாரம் என்று தங்கவைத்துப் பாருங்கள். அவளுக்குப் பிடித்த உணவு, பயப்படும் சத்தம், தூங்கும் முறை, அவளுக்கே உரிய சொற்கள் ஆகியவற்றை அவளுடைய அம்மா இரண்டு பக்கத்தில் எழுதித் தரட்டும். திரும்பி வந்ததும் எடை, உடலில் காயம், தூக்கம், திரும்பப் போகலாமா என்று கேட்டதும் முகம் போகும் போக்கு ஆகியவற்றைக் கவனியுங்கள். "பழகும் வரை மூன்று மாதம் வராதீர்கள்" என்று சொல்லும் இல்லத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். துன்புறுத்தல் நடப்பதாகத் தெரிந்தால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடமும், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் புகார் தரலாம்.

நீங்கள் பார்த்த இல்லம் முன்னறிவிப்பில்லாத வருகைக்கும் இரண்டு வாரச் சோதனைத் தங்கலுக்கும் சம்மதித்தால் மேற்கொண்டு பேசுங்கள். அதுவரை 5 லட்சத்தைக் கொடுக்க வேண்டாம்.