யார் முதலில் தலை தாழ்த்துவது?

கேள்வி: நான் பணிபுரியும் ஜப்பானிய நிறுவனத்தில், சரக்கு சற்றுத் தாமதமாக வந்தால்கூட மேலதிகாரிகள் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்கிறார்கள். முன்பு வேலை பார்த்த அமெரிக்க நிறுவனத்தில், தவறு தெரிந்த பின்னும் எவரும் வாய் திறக்கவில்லை. ஜப்பானியர்கள் மற்றவர்களைவிட, ஏன் நம்மைவிடவும், பண்பில் உயர்ந்தவர்களா?
- ஒரு வாசகர், ஒரகடம்

பதில்: இதை வைத்துப் பண்பை எடைபோட முடியாது. மன்னிப்புக் கேட்பவர் எதை ஒப்புக்கொள்வதாக அவருடைய சமூகம் எடுத்துக்கொள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தன் பொறுப்பில் இருந்த ஒன்றால் பிறருக்குத் துன்பம் நேர்ந்தால், குற்றம் யாருடையது என்ற விசாரணை முடியும்வரை காத்திராமல் தலைமையில் இருப்பவர் நேரில் வந்து பணிவதை ஜப்பானியர்கள் பதவிக்குரிய கடமையாகக் கருதுகிறார்கள். தனிமனிதப் பொறுப்பையும் நீதிமன்றத்தையும் முதன்மையாகக் கருதும் அமெரிக்காவில், வருத்தம் தெரிவிப்பதே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்ற அச்சம் உண்டு.

இவ்விரு மனப்பான்மைகளும் நேருக்கு நேர் மோதியது 2001இல். அவ்வாண்டு பிப்ரவரி 9 அன்று ஹவாய்க்கு அருகே, விரைந்து மேலெழும் செயல்விளக்கத்தில் ஈடுபட்டிருந்த அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் கிரீன்வில், உவாஜிமா நகரத்து மீன்வள உயர்நிலைப் பள்ளியின் பயிற்சிக் கப்பலான எஹிமே மாருவை மோதி மூழ்கடித்ததில், நான்கு மாணவர்கள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. கடற்படையின் துணைத் தலைமைத் தளபதி வில்லியம் ஃபாலன் ஜப்பானுக்கே சென்று உறவினர்கள் முன் தலை வணங்கினார். ஆனாலும் அவர்கள் எதிர்பார்த்தது கப்பலின் தளபதி ஸ்காட் வாடலைத்தான். விசாரணை தலைக்கு மேல் தொங்கிய நிலையில் அவர் வழக்கறிஞர் வழியாக வெளியிட்ட வருத்தச் செய்தி அவர்களுடைய புண்ணை மேலும் கிளறியது. மார்ச் மாதம் ஹவாயில் விசாரணை நடந்தபோது, அங்கு வந்திருந்த உறவினர்களிடம் அவர் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டார். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற பின், 2002 டிசம்பரில் உவாஜிமாவுக்கே சென்று நினைவிடத்தில் வணங்கினார். அவர் நெஞ்சில் ஈரம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை உரிய நேரத்தில் வெளிக்காட்ட அவருடைய சூழல் இடம் கொடுக்கவில்லை.

அந்தத் தயக்கத்தின் விலையை அமெரிக்கர்களும் அறிவார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தன் மகளின் உயிரைப் பறித்த வாகன ஓட்டுநர் ஒரு வார்த்தைகூட வருத்தம் சொல்லவில்லையே என்று மனம் குமுறிய மேலவை உறுப்பினர் ஒருவருடைய முயற்சியின் பயனாக, விபத்துக்குப் பின் தெரிவிக்கும் அனுதாபத்தை உரிமையியல் வழக்கில் பொறுப்புக்குச் சான்றாகக் காட்டக் கூடாது என்ற சட்டம் 1986இல் வந்தது. பின்னர் வேறு பல மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின.

ஜப்பானிய முறையிலும் ஒரு குறை உண்டு. 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்தபோது, அதன் தலைவர் யசுமோதோ தகாகி உறவினர்கள் முன் பணிந்து, பின்னர் பதவியும் விலகினார். ஆனால் விபத்துக்கு மூலகாரணம், 1978இல் வால்பகுதி தரையில் உரசிச் சேதமடைந்தபோது போயிங் நிறுவனத்தார் பழுதை முறையாகச் சரிசெய்யாமல் விட்டது. அதற்காக எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. தலைவரின் பணிவு உறவினர்களுக்கு அவசியமானதுதான். ஆனால் என்ன நடந்தது, யார் பொறுப்பு என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு அது விடையாகவில்லை.

'நம்மைவிடவும்' என்று கேட்டிருக்கிறீர்கள். நம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் மாணவரும் ஊழியரும் மன்னிப்புக் கடிதம் எழுதித் தருவது வழக்கம். தலைமையாசிரியரோ மேலாளரோ கீழே இருப்பவரிடம் எழுதிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டிலும் பெரியவர் சிறியவரிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையும் என்று நினைக்கிறோம். நமக்கும் மன்னிப்புக் கேட்கத் தெரியும், ஆனால் கீழிருந்து மேலே மட்டும். உங்கள் நிறுவனத்தில் நீங்கள் கண்டு வியந்தது, மேலே இருப்பவர் முதலில் குனிந்ததைத்தான் என்று எண்ணுகிறேன்.